கைபேசியும் கைகாட்டியும்

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் இரண்டு ஆண்டுகளாக நானும் ஓர் ஆசிரியன். படித்தது டிப்ளமோ, பார்த்தது ரயில்வேயில் சிக்னல் வேலை. தமிழ் கற்பிப்பதற்கென்று தனித் தகுதி எதுவும் எனக்குக் கிடையாது. ஆள் கிடைக்காத குறைக்கு ஓய்வுபெற்றவன் அகப்பட்டேன், அவ்வளவுதான். ஒரு நாள் வகுப்பில் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம், "நேற்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள், அதை நான்கு வரி எழுது" என்றேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். பிறகு, "ஒண்ணும் பேசலை தாத்தா. அப்பா போன் பாத்தாங்க, அம்மா போன் பாத்தாங்க, நான் டேப் பாத்தேன்" என்றான். மற்றப் பிள்ளைகளையும் கேட்டேன். வந்திருந்த பதினொரு பேரில் ஏழு பேர் வீட்டில் ஏறக்குறைய அதே கதை.

இதைக் கேட்டு அந்தப் பெற்றோர்கள் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2022 டிசம்பரில் விருதுநகரிலிருந்து என் அக்கா புனேக்கு வந்திருந்தாள். எனக்குத் தாய் ஸ்தானத்தில் இருந்தவள். பாலிடெக்னிக்கில் நான் சேர்ந்தபோது தன் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டியவள். அத்தான் காலமான பிறகு முதல்முறையாக என் வீட்டில் பத்து நாள் தங்கினாள். ஊருக்குக் கிளம்பும் அன்று புனே ஸ்டேஷனில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்துவிட்டு வெளியே நின்றேன். "தம்பி, உச்சந்தலையில முடி நல்லாக் கொட்டிப்போச்சுடா உனக்கு. பத்து நாளா அதைத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வண்டி நகர்ந்ததும் கைபேசியை எடுத்து, "அக்கா புறப்பட்டாயிற்று" என்று குடும்பக் குழுவில் போட்டேன். போட்டவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து கால் மணி நேரம் வேறு எதையெதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதன் பிறகுதான் அவள் சொன்னது எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தை ஒரு பழுதாகப் பாவித்து, எங்கே கோளாறு என்று தேட ஆரம்பித்தேன். தேடியதையும் செய்து பார்த்ததையும் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஊரைவிட்டு வந்து வாழும் நம்மைப் போன்றவர்களுக்குக் கைபேசி வெறும் விளையாட்டுப் பொருள் அல்ல. இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் கால்பங்கு என்பதற்காக எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்ற காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1995 ஜூலை 31-ல் அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது வருகிற அழைப்புக்கும் காசு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இணையம் தண்ணீர் விலைக்கு வந்தது. இன்று பேத்தியின் முகத்தைப் பாட்டி தினமும் பார்க்கிறாள் என்றால் அது பெரிய விஷயம். ஆகவே தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் தேடியது வேறு: பேசுவதற்காக எடுத்த கருவி, பேச்சையே எப்படி நிறுத்துகிறது?

இதன் உள்ளே இருக்கும் வேலைப்பாடு ஒன்றும் மாயம் அல்ல. பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களைக் கூண்டில் வைத்துச் சோதனைகள் செய்தார். விசையைக் கொத்தினால் தீனி விழும். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி என்றால் புறா பசிக்குத் தின்றுவிட்டு நின்றுவிடும். எந்தக் கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபடி, சில சமயம் விழும், சில சமயம் விழாது என்று அமைத்தால் புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து 1957-ல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். சூதாட்ட இயந்திரம் ஓடுவது இந்தக் கணக்கில்தான். கைபேசியைத் திறக்கும்போது நல்ல செய்தி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த 'இருக்கலாம்' என்பதற்காகத்தான் நாமும் கொத்திக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, முடிவில்லாத பக்கம். பழைய நாளில் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் 'அடுத்த பக்கம்' என்று அழுத்த வேண்டியிருந்தது. 2006-ல் ஏஸா ராஸ்கின் என்பவர், விரலால் தள்ளத் தள்ளத் தானே வந்துகொண்டிருக்கும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்தவரும் அவரே. பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு, திரைப்படத்துக்கு 'வணக்கம்' உண்டு, இதற்கு முடிவே கிடையாது. ரயில் என்ஜினில் ஒரு கருவி இருக்கிறது (என் துறை அல்ல, ஆனாலும் சொல்கிறேன்). ஓட்டுநர் ஏறக்குறைய ஒரு நிமிடம் எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும், பிறகு ஒலி எழும்பும். அப்போதும் அவர் அசையவில்லை என்றால் பிரேக் தானே விழுந்து வண்டி நின்றுவிடும். மனிதன் கண் அயரக்கூடியவன் என்று தெரிந்து செய்த கருவி அது. கைபேசியைச் செய்தவர்களுக்கும் நாம் கண் அயரக்கூடியவர்கள் என்று நன்றாகத் தெரியும். அவர்கள் பிரேக்கைத்தான் கழற்றிவிட்டார்கள். அவர்களுக்கு வருமானம் விளம்பரத்தில். நாம் பார்க்கும் நேரம்தான் அவர்களுடைய சரக்கு.

மூன்றாவது, மணி. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வண்டி விடுவதற்கு பிளாக் கருவி என்று ஒன்று உண்டு. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுடன் மணியடித்துப் பேசுவார். ஒரு அடி என்றால் 'கவனியுங்கள்'. இரண்டு என்றால் 'பாதை காலியா?'. மூன்று என்றால் வண்டி பிளாக்கிற்குள் நுழைகிறது. நான்கு என்றால் வண்டி வந்து சேர்ந்தது. ஆறு அடித்தால் ஆபத்து. கேட்பவர் அதே எண்ணிக்கையில் திருப்பி அடித்து ஒப்புக்கொள்ள வேண்டும். பொருள் இல்லாமல் அந்த மணி ஒரு தடவைகூட அடிக்காது. அதனால்தான் நடுராத்திரி மூன்று மணிக்கும் அந்த ஒற்றை அடிக்கு மாஸ்டர் எழுந்து வருகிறார். வியாபாரத் தள்ளுபடிக்கும், யாரோ முன்பின் தெரியாதவரின் பிறந்தநாளுக்கும் அந்த மணி அடித்துக்கொண்டிருந்தால், ஆறு அடி வரும்போது யார் காதில் விழும்?

என் கைபேசியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மணிகளை எண்ணினேன். 94. அதில் எனக்கென்று ஒருவர், என்னிடம் ஒன்றைச் சொல்ல விரும்பி அடித்தது ஐந்து. மீதி 89-ல் 'இனிய காலை வணக்கம்' பூங்கொத்து மட்டும் 20-க்கு மேல். இதை எழுதும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அனுப்பியவர்களில் பாதிப்பேர் இந்த இதழைப் படிப்பவர்கள். அன்பினால்தான் அனுப்புகிறார்கள், தெரியும்.

அடுத்து அளவெடுத்தேன். தண்டவாளத்தை அளக்காமல் யாரும் பழுது பார்ப்பதில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் செட்டிங்ஸ் பகுதியில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்றும், ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்றும் இருக்கிறது. இரண்டும் 2018-ல் வந்தவை. நான் பார்த்த வாரத்தில் எனது சராசரி நாளொன்றுக்கு 5 மணி 20 நிமிடம். திரையைத் திறந்தது 131 தடவை. விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை. 5 மணி 20 நிமிடத்தை 365-ஆல் பெருக்கிப் பார்த்தேன். ஆண்டுக்கு இரவும் பகலுமாக 81 நாள். மூன்று ஆண்டில் எட்டு மாதம். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் முழுக்க அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

பிறகு செய்த காரியம் தவறானது. அதையும் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் வாட்ஸ்அப், முகநூல், யூடியூப் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விரதம் மாதிரி இருந்தேன். மூன்றாம் நாள் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். ஒன்பதாம் நாள் சங்கத்தில் என்னோடு இருபது ஆண்டு பழகிய நண்பர் ஒருவர் காலமானார். செய்தி குழுவில்தான் வந்தது. எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவருடைய துணைவியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. அன்று மாலையே எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக்கொண்டேன். அந்த வாரம் முன்னைவிட அதிக நேரம் பார்த்தேன்.

மன உறுதி என்பதை நம்பி எதையும் கட்டக்கூடாது என்று சிக்னல் துறையில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். பழைய லீவர் கேபினில் வரிசையாக நெம்புகோல்கள் இருக்கும். பாயிண்ட் சரியாகச் சேர்ந்து பூட்டு விழாமல் சிக்னல் லீவரை எந்தப் பயில்வானாலும் இழுக்க முடியாது. அடியில் இருக்கும் இரும்புத் துண்டுகள் தடுத்துவிடும். இதுதான் இன்டர்லாக்கிங். கேபின்காரர் நல்லவரா, தூக்கக் கலக்கமா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்பதெல்லாம் அந்த இரும்புக்குத் தெரியவேண்டியதில்லை. இன்னொரு பாடம்: கைகாட்டியை இழுக்கும் கம்பி அறுந்துவிட்டால் கை தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வந்துவிடும்படி எடை வைத்திருப்பார்கள். பழுதானாலும் பாதுகாப்பான பக்கம் பழுதாக வேண்டும். நம் கைபேசியோ கடையிலிருந்து வரும்போதே எல்லாக் கைகாட்டியும் 'போ' என்று இறங்கிய நிலையில்தான் வருகிறது. ஒவ்வொன்றாக ஏற்றி வைப்பது நம் பொறுப்பு.

அப்படி ஏற்றி வைத்ததைச் சொல்கிறேன். தொலைபேசி அழைப்பு, வங்கிச் செய்தி இரண்டைத் தவிர மற்ற எல்லா மணிகளையும் நிறுத்தினேன். முகநூலைக் கைபேசியிலிருந்து எடுத்துவிட்டேன். பார்க்க வேண்டுமானால் மகனுடைய பழைய கம்ப்யூட்டரைப் போட்டு, கடவுச்சொல் அடித்துப் பார்க்க வேண்டும். பாதி நாள் அந்தச் சிரமத்துக்கே மனம் வராது. வாட்ஸ்அப் குழுக்களை எல்லாம் ஒலி நிறுத்தி 'ஆர்க்கைவ்' செய்துவிட்டு, மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை திறக்கிறேன். நீலக் குறியை அணைத்துவிட்டால், 'பார்த்துவிட்டு ஏன் பதில் போடவில்லை' என்ற வம்பும் இல்லை. திரையின் வண்ணத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதியும் உண்டு. எனக்கு அது பெரிதாக உதவவில்லை, சிலருக்கு உதவுகிறதாம்.

இவற்றைவிடப் பெரிய பலன் தந்தது இரண்டு சாதாரணப் பொருள்கள். ஒன்று, பெட்டிக்குள் கிடந்த என் பழைய கைக்கடிகாரம். மணி பார்க்கக் கைபேசியை எடுத்தால் மணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வைக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. இன்னொன்று, லக்ஷ்மி ரோடில் வாங்கிய அலாரக் கடிகாரம். அது வந்ததால் கைபேசிக்குப் படுக்கையறையில் வேலை இல்லாமல் போயிற்று. சார்ஜ் போடும் இடத்தை வாசலில் செருப்பு வைக்கும் அலமாரிக்கு மாற்றினேன். ராத்திரி எழுந்து அங்கே போய்ப் பார்க்க ஆசை வரும். முழங்கால் வலி அதைத் தடுத்துவிடும். இதுவும் ஓர் இன்டர்லாக்கிங்தான்.

இவ்வளவும் நான் தனி ஆளாகச் செய்தது. ஆனால் நான் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது எதிரே மூன்று உச்சந்தலைகள். ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவர் சாப்பாட்டு மேஜையில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் மகாராஷ்டிரத்திலேயே உள்ள ஒரு கிராமத்தைச் சொல்ல வேண்டும். சாங்லி மாவட்டம், கடேகாவ் வட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ். சுமார் 3,000 பேர் வாழும் ஊர். நான் மிரஜில் வேலை பார்த்தபோது அந்தச் சுற்றுவட்டாரத்தில் போய்வந்தவன் என்பதால் பத்திரிகையில் பெயரைப் பார்த்ததும் ஆவலாகப் படித்தேன். கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் கைபேசிக்குள் வந்தது; பிள்ளைகள் கையில் பெற்றோரே கொடுத்தார்கள். பள்ளி திறந்த பிறகும் அது கையைவிட்டு இறங்கவில்லை. ஆசிரியர்கள் முறையிட்டார்கள். 2022 ஆகஸ்ட் 15 முதல் அங்கே மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து ஒரு சங்கு ஊதுகிறது. ஊரே கைபேசியையும் தொலைக்காட்சியையும் அணைக்க வேண்டும். பிள்ளைகள் படிக்கிறார்கள், பெரியவர்கள் படிக்கவோ பேசவோ செய்கிறார்கள். 8.30 மணிக்கு மறுபடி சங்கு. அவ்வளவுதான். முதலில் பெண்களைக் கூட்டிப் பேசியிருக்கிறார்கள், பிறகு வீடுவீடாகப் போய் நினைவூட்டியிருக்கிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் யவத்மால் மாவட்டத்தில் பான்சி என்ற கிராமம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கைபேசி உபயோகிக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற சட்டமே 2025 டிசம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்தது. அவரவர் நியாயம் அவரவர்க்கு. என் மனம் வட்காவ் பக்கம்தான் சாய்கிறது. அங்கே சங்கு பெரியவர்களுக்கும் சேர்த்து ஊதுகிறது. பிள்ளையை மட்டும் வைக்கச் சொல்லிவிட்டு நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அது எத்தனை நாள் நிற்கும்?

எங்கள் வீட்டில் சங்கு இல்லை. பூஜை மணி இருக்கிறது. இரவு 8 மணிக்குப் பேரன் அதை அடிப்பான். எல்லாக் கைபேசியும் செருப்பு அலமாரிக்குப் போக வேண்டும், 9 மணி வரை. மகனுக்கு அமெரிக்கக் கம்பெனி வேலை, அந்த நேரத்தில்தான் அவனுக்கு அழைப்புகள் வரும். எனவே வாரத்தில் மூன்று நாள் அவனுக்கு விலக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை, ஆனாலும் சம்பளம் கொடுப்பவனோடு சண்டை போட முடியாது. முதல் வாரம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். பேச ஒன்றுமே இல்லை. மருமகள்தான் சீட்டுக்கட்டை எடுத்து வந்து காப்பாற்றினாள்.

இரண்டு மூன்று வாரம் கழிந்தபோது ஒன்றைக் கவனித்தேன். என் பேரனுக்குத் தமிழ் தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் தமிழ் கற்றது யூடியூப் கார்ட்டூனில். "பாட்டி, எனக்கு மிகவும் பசியாக இருக்கிறது, உணவு தயாராகிவிட்டதா?" என்பான். மொழிமாற்றப் படத்தில் வரும் கரடி மாதிரி இருக்கும். அந்த ஒரு மணி நேரச் சீட்டாட்டத்தில் அவன் "ஏமாத்தாதீங்க தாத்தா", "போங்காட்டம்", "சும்மா இருங்க பாட்டி" எல்லாம் கற்றுக்கொண்டான். பள்ளியில் மராத்தி, தெருவில் இந்தி, பாடப் புத்தகத்தில் ஆங்கிலம். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும் இடம் வீட்டின் கூடம் ஒன்றுதான். அதுவும் விழுவது பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில். அந்த நேரமும் ஊமையாகிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் அ, ஆ எழுதவைத்து நான் என்ன சாதித்துவிட முடியும்?

இது நோயா என்று சிலர் கேட்கிறார்கள். விளையாட்டுச் செயலிகளில் கட்டுப்பாடு இழப்பதை உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் உள்ள நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கைபேசிப் பழக்கத்தைப் பொதுவாக அப்படிச் சேர்க்கவில்லை. ஆனால் படிப்பையோ தூக்கத்தையோ வேலையையோ இழக்கும் அளவுக்குப் போய்விட்டால், வீட்டில் திட்டுவதை விட்டுவிட்டு மருத்துவரிடம் போவதுதான் சரி. பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014-ல் தனிப் பிரிவு தொடங்கினார்கள். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 14416. பல மொழிகளில் பேசலாம், தமிழும் உண்டு.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மறைவுச் செய்தியையும் அவசர உதவி கோரும் செய்தியையும் குழுவில் போடுவதோடு நிறுத்தாமல், பழைய வழக்கப்படி ஒருவர் ஐந்து பேருக்கு, அந்த ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து பேருக்கு என்று தொலைபேசியில் சொல்லும் ஏற்பாட்டை மறுபடி கொண்டுவர வேண்டும். இரண்டே சுற்றில் 30 வீட்டுக்குச் செய்தி போய்விடும். அந்த நம்பிக்கை இருந்தால் குழுவை நாள் முழுதும் எட்டிப்பார்க்க வேண்டிய அவசியம் பாதி குறையும். காலை வணக்கப் பூங்கொத்துகளை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் சொந்த ஆசை.

இப்போது என் கணக்கு நாளொன்றுக்கு 1 மணி 50 நிமிடம். ரயில் பயணம் என்றால் ஏறிவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஞாயிறு மாலை 5 மணிக்கு அக்காவைக் கூப்பிட்டு அரை மணி பேசுகிறேன். அந்த நேரத்தை இந்த 1 மணி 50 நிமிடத்தில் சேர்ப்பதில்லை. "முடி முளைச்சிருச்சாடா?" என்று இன்னமும் கேட்கிறாள்.

வகுப்பிலும் அந்தப் பழைய கேள்வியை விடவில்லை. ஞாயிறுதோறும் முதல் பத்து நிமிடம், 'நேற்று ராத்திரி என்ன பேசினோம்' என்று நான்கு வரி. போன மாதம் அந்தப் பையன், அவன் அப்பா சின்ன வயதில் உசிலம்பட்டிப் பக்கம் கிணற்றில் விழுந்ததையும், பெரியப்பா கயிறு போட்டுத் தூக்கியதையும் ஐந்து வரி எழுதிக்கொண்டு வந்தான். கிணறு என்பதை 'கினறு' என்று எழுதியிருந்தான், திருத்திக் கொடுத்தேன். பெரியப்பாவுக்குக் கயிறு எங்கிருந்து கிடைத்தது என்று மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள். அப்பாவிடம் கேட்டு வந்து அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.

ஒரு வாரக் கைபேசிக் கணக்கு எழுதுவதற்குக் கட்டம் போட்ட தாள் ஒன்று தயாரித்திருக்கிறேன். சங்க நூலகத்தில் பத்திரிகைகள் வைக்கும் மேஜையில் இருக்கிறது. வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம். எழுதியதை யாரிடமும் காட்டவேண்டியதில்லை.